எச்டியில் எடுத்த மணிவிழா டிவிடியில் ஏன் மங்குகிறது?

முகப்பு (காரைக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு மணிவிழா எடுத்தோம். இரண்டு கேமரா, இரண்டிலும் 1920×1080, 50ஐ (50i), ஏவிசிஎச்டி ஃபைல். எடியஸில் எடிட்டிங் முடிந்துவிட்டது, மொத்தம் 1 மணி 50 நிமிடம். டைம்லைனில் பார்க்கும்போது ஆச்சி கழுத்தில் இருக்கும் கழுத்திருவின் (நகரத்தார் தாலி நகை) வேலைப்பாடு அத்தனையும் தெரிகிறது. டிவிடியாக அடித்துப் போட்டால் அதே இடம் வெறும் மஞ்சள் திட்டு.

நான்கு குறை தெரிகிறது. படம் மொத்தமாக மொழுக்கென்று இருக்கிறது. யாராவது கையை வீசினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிகள் வருகின்றன. கேமரா மெதுவாக நகரும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் மேலே ஓட்டுக் கூரையும் மினுமினுக்கின்றன. அரக்குச் சிவப்புப் பட்டு ஒரு படி கருத்துப்போக, வாசலில் கட்டிய வாழையும் மாவிலைத் தோரணமும் தேவையில்லாமல் பளீரென்ற பச்சையில் வருகின்றன.

வீட்டுக்காரர்கள் 40 டிஸ்க் கேட்கிறார்கள். பங்காளி வீடுகளுக்கும் கோலாலம்பூரில் இருக்கும் உறவுக்கும் கொடுக்கவாம். தரம் குறையாமல் எச்டியிலிருந்து டிவிடிக்கு மாற்ற நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள். பிட்ரேட்டை (விநாடிக்கு எழுதும் தகவலின் அளவை) 9 எம்பிபிஎஸுக்கு ஏற்றியும் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை.

ரஸ்தா (தேவகோட்டை):

தம்பி, முதலில் அந்தத் "தரம் குறையாமல்" என்பதை எடுத்துவிடுவோம். 1920×1080 என்பது 20,73,600 புள்ளிகள். பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) டிவிடி 720×576, அதாவது 4,14,720. வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கை எந்தச் சாஃப்ட்வேரும் டிவிடிக்குள் கொண்டுவர முடியாது.

ஆனால் அது ஒரு பாதிதான். கடையில் விற்கும் சினிமா டிவிடியும் இதே 720×576தான், படத்தை அழுத்தி எழுதும் முறையும் இதே எம்பெக்-2தான். அதைவிட நல்ல மாஸ்டரிலிருந்துதான் அதையும் சுருக்கினார்கள். அதே பிளேயரில், அதே டிவியில் ஒரு நல்ல சினிமா டிவிடியைப் போட்டுப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் குறை டிவிடி என்கிற முறையில் இல்லை, நாம் சுருக்கிய விதத்தில் இருக்கிறது. அதுவும் மொழுக்கென்று தெரிந்தால் டிவிடியை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள்.

இரண்டு கேள்வி. எடியஸிலிருந்து டிவிடி வரை ஃபைல் எந்த வழியாகப் போகிறது? நடுவில் ஏதாவது ஏவிஐ எடுக்கிறீர்களா? பிளேயரிலிருந்து டிவிக்கு எந்த ஒயர்?

முகப்பு (காரைக்குடி):

அண்ணே, எடியஸிலிருந்து டிவி (DV, மினிடிவி டேப்பின் முறை) ஏவிஐ ஃபைல், பால், வைட் ஸ்கிரீன். அதை டிவிடி சாஃப்ட்வேரில் போட்டால் அதுவே எம்பெக்-2 ஆக மாற்றி மெனு போட்டு எரித்துவிடும். மினிடிவி டேப் காலத்திலிருந்து எங்கள் கடையில் இதுதான் வழி. ஒயர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின். டிவி 32 இஞ்ச் எல்இடி.

சினிமா டிவிடி போட்டுப் பார்த்தேன். நம்முடையதைவிட நிச்சயமாக நன்றாக இருக்கிறது.

ரஸ்தா (தேவகோட்டை):

பாதி நோய் அந்த டிவி ஏவிஐயில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நாளைக்கு வேறு யாராவது தேடி வந்தாலும் உதவும்.

50ஐ என்றால் விநாடிக்கு 50 ஃபீல்டு. ஒரு ஃபீல்டில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள் மட்டும், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள் மட்டும். இதற்குப் பெயர்தான் இன்டர்லேஸ். 1080 வரியில் ஒரு ஃபீல்டுக்கு 540. இரண்டு ஃபீல்டையும் சேர்த்தால் ஒரு ஃபிரேம், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, நடுவில் 50இல் ஒரு பங்கு விநாடி ஓடிவிட்டது. அந்த நேரத்தில் கை நகர்ந்திருக்கும்.

இப்போது ஒரு சாஃப்ட்வேர் இதையெல்லாம் பார்க்காமல் 1080 வரி ஃபிரேமை அப்படியே 576 வரியாக அழுத்தினால் என்ன ஆகும்? பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கலந்துதான் சுருக்க வேண்டும். பக்கத்து வரி வேறு நேரத்தின் வரி. இரண்டு நேரத்தையும் கலந்து ஒரே வரியாக்கிவிடுகிறது. ஒரு தடவை கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க வழியே இல்லை. உங்கள் சீப்புப் பல் அங்கேதான் பிறக்கிறது. 9 எம்பிபிஎஸ் கொடுத்தால் அந்தச் சீப்பு இன்னும் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது ஃபீல்டு வரிசை. எச்டி இன்டர்லேஸில் மேல் ஃபீல்டு முதலில் வரும். அந்த DV முறையில் கீழ் ஃபீல்டு முதலில். இதை எங்காவது தப்பாகக் குறித்துவிட்டால் நேரம் முன்னும் பின்னுமாகக் குதிக்கும், நடப்பவர்கள் எல்லோரும் உதறிக்கொண்டே நடப்பார்கள். டிவிடி இரண்டு வரிசையையும் ஏற்கும். எனவே எச்டியில் இருக்கிற மேல் ஃபீல்டு வரிசையையே கடைசிவரை கொண்டுபோங்கள். நடுவில் டிவி ஏவிஐ வந்தால்தான் மாற்ற வேண்டிய வேலையே வருகிறது.

மூன்றாவது, டிவி ஏவிஐ தானும் ஒரு அழுத்தம், 25 எம்பிபிஎஸ். அதை மறுபடி எம்பெக்-2 ஆக அழுத்துகிறீர்கள். ஜரிகை ஓரத்திலும் கோலத்தின் வெள்ளைக் கோட்டிலும் புழு நெளிவது மாதிரி தெரிந்தால் அது இரட்டை அழுத்தத்தின் வேலை.

நான்காவது நிறம். எச்டிக்கு நிறக் கணக்கு 709, எஸ்டிக்கு (டிவிடி மாதிரி பழைய அளவுக்கு) 601. ஒளியையும் நிறத்தையும் பிரித்து எழுதும் சூத்திரம் இரண்டிலும் வேறு. 709இல் எழுதியதைக் கணக்கு மாற்றாமல் டிவிடியில் போட்டால் பிளேயர் 601 என்று நினைத்துப் படிக்கும். சிவப்பு கருக்கும், பச்சை கூடும். நீங்கள் சொன்ன பட்டும் வாழையும் அச்சாக இதுதான். வழியில் எந்தச் சாஃப்ட்வேர் இதைச் செய்யாமல் விட்டது என்று கண்டுபிடிக்க எச்டி கலர் பாரை (நிறச் சோதனைப் பட்டைகளை) ஒரு தடவை அதே வழியில் அனுப்பிப் பாருங்கள்.

வைத்தியம்: டிவி ஏவிஐயை விடுங்கள். எடியஸிலிருந்து 1920×1080 அளவிலேயே கனோபஸ் எச்க்யூ ஏவிஐ எடுங்கள். ஃபைல் பெரிதாகத்தான் இருக்கும், ஹார்ட்டிஸ்க்கில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குவது ஒரே ஒரு தடவை நடக்கட்டும், நல்ல கருவியில் நடக்கட்டும்.

ரெண்டாங்கட்டு (திருப்பத்தூர்):

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் காலத்தில் டிவிடிக்கு ஏன் இத்தனை பாடு? டிவிடி முறை 1996இல் வந்தது. இப்போது லேப்டாப்பில் டிரைவே கிடையாது. ஒரு பென்டிரைவில் எம்பி4 போட்டு, மேலே வீட்டுப் பெயரை அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். 1080 அப்படியே இருக்கும். சுருக்கவும் வேண்டாம், ஃபீல்டும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி சொல்வது சரிதான், நானும் பென்டிரைவ் சேர்த்தே கொடுக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் யார் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். பிள்ளைகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர். வீட்டில் அப்பத்தாவும் ஐயாவும்தான். பட்டாலையில் பழைய டிவி, பக்கத்தில் டிவிடி பிளேயர். டிஸ்க்கைத் தள்ளினால் படம் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். யுஎஸ்பியில் போய் ஃபோல்டர் திறந்து ஃபைல் தேடு என்றால் அந்தப் பென்டிரைவ் பீரோவுக்குள் போய்விடும்.

பென்டிரைவும் தொல்லையில்லாத சாமான் இல்லை. பழைய எல்இடி டிவிகள் பல ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. 1 மணி 50 நிமிடத்தை 10 எம்பிபிஎஸில் போட்டால் 8 ஜிபிக்கு மேல் போகும். ஒன்று பாகம் பாகமாக வெட்ட வேண்டும், இல்லை பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். கேட்கிறவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூட ஒன்றாகப் பென்டிரைவும் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ரஸ்தா அண்ணன் சொன்னதோடு எழுத்து விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்டியில் அழகாக இருக்கும் மெல்லிய தமிழ் எழுத்து, டிவிடியில் படிக்கவே முடியாது. முதலில் காணாமல் போவது புள்ளி. 1080இல் மூன்று நான்கு வரி உயரத்தில் இருக்கும் புள்ளி, 576இல் இரண்டு வரியாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடும். ஒரே வரி என்றால் அது ஒரு ஃபீல்டில் மட்டும்தான் இருக்கும், விநாடிக்கு 25 தடவை தோன்றித் தோன்றி மறையும். பெயர் போடும் இடமெல்லாம் கண் கூசும். படுக்கைக்கோடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டிவிடிக்கு என்று தனியாக, தடித்த எழுத்தில், கொஞ்சம் பெரிதாக டைட்டிலைச் செய்யுங்கள். அழைப்பிதழில் பார்த்த எழுத்தே வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், ஒரு டிஸ்க் அடித்து அவர்கள் டிவியிலேயே போட்டுக் காட்டிவிடுங்கள்.

பழைய டியூப் டிவி நான்கு ஓரத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். எழுத்தெல்லாம் நடுவில் இருக்கும் 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

முகப்பு (காரைக்குடி):

ஆச்சி, டைட்டில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அண்ணே, எச்க்யூ ஏவிஐ எடுத்துவிட்டேன். இனி எதில் சுருக்குவது?

அயலகத் தம்பி (கோலாலம்பூர்):

நான் அவிசிந்த் (ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவை மாற்றும் சாஃப்ட்வேர்) ஆள். ஸ்கிரிப்ட் என்றதும் ஓடிவிடாதீர்கள், நான்கைந்து வரிதான். அது என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன், கட்டளைகளின் பெயர் தேடினால் கிடைக்கும்.

முதல் வேலை, ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக வளர்ப்பது. 50 ஃபீல்டு 50 முழு ஃபிரேம் ஆகிவிடும். இதற்கு க்யூடிஜிஎம்சி என்ற ஸ்கிரிப்டைத்தான் பலரும் நம்புகிறார்கள். ரொம்ப மெதுவாக ஓடும், ஆனால் இல்லாத வரிகளை முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்களைப் பார்த்து ஒழுங்காக நிரப்பும். அவசரம் என்றால் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் போதும். இரண்டாவது வேலை, அந்த 50 முழு ஃபிரேம்களையும் 720×576 ஆகச் சுருக்குவது. சுருக்கும் கணக்குகளில் ஸ்பிளைன்36 எனக்குப் பிடிக்கும், லான்சோஸும் சரிதான். இந்த இடத்திலேயே 709ஐ 601 ஆக மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, மறுபடி இன்டர்லேஸ் ஆக்குவது. முதல் ஃபிரேமிலிருந்து ஒற்றை வரிகள், இரண்டாவது ஃபிரேமிலிருந்து இரட்டை வரிகள், இரண்டையும் கோத்தால் 25 ஃபிரேம், மேல் ஃபீல்டு முதலில். கேமராவில் இருந்த அந்த வழுக்கலான அசைவு அப்படியே இருக்கும், சீப்பு இருக்காது.

இதை எச்சிஎன்க் என்ற இலவச எம்பெக்-2 என்கோடருக்கு நேரடியாக ஊட்டலாம், நடுவில் இன்னொரு ஃபைல் வேண்டாம். ஸ்கிரிப்டே வேண்டாம் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற சாஃப்ட்வேரில் இதே மூன்று வேலையையும் ஃபில்டர்களாக வரிசையாகப் போடலாம். அதில் டிவிடிக்கான பால் அமைப்பு தயாராகவே இருக்கிறது.

டிஎஸ்எல்ஆரில் 25பி எடுத்தவர்கள் இந்தச் சுற்றுக்கே வர வேண்டாம். ஃபீல்டு இல்லாத படம், நேராகச் சுருக்கினால் போதும். தொல்லை எப்போது வரும் என்றால், கல்யாணத்தில் யாரோ மாப்பிள்ளைத் தோழன் போனில் 30 ஃபிரேமில் எடுத்த துண்டை நடுவில் சேர்க்கும்போது. 30ஐ 25 ஆக்கினால் திக்கித் திக்கித்தான் ஓடும். முன்பே சொல்லி வைத்தால் போனையும் 25க்கோ 50க்கோ மாற்றிக்கொள்ளச் சொல்லலாம், சில போன்களில் அந்த வசதி இருக்கிறது.

ரெண்டாங்கட்டு (திருப்பத்தூர்):

எடியஸிலேயே முடிக்க வழி இல்லையா? ஸ்டுடியோ நடத்துகிறவர் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டு உட்கார முடியுமா?

ரஸ்தா (தேவகோட்டை):

இருக்கிறது. புராஜெக்ட் செட்டிங்கில் ரீசாம்ப்ளிங் முறை என்று ஓர் இடம் உண்டு, அதில் லான்சோஸ் வகை ஒன்றை வையுங்கள். எஸ்டி புராஜெக்ட் திறந்து எச்டி சீக்வென்ஸை உள்ளே போட்டு, மேல் ஃபீல்டு வைத்து நேராக எம்பெக்-2 எடுக்கலாம். பிரீமியர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட்டில் "மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி" என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விடக்கூடாது, "ஃபிரேம் பிளெண்டிங்" பக்கம் போகவே கூடாது. டிவி ஏவிஐ வழியோடு பார்த்தால் இதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அயலகத் தம்பி சொல்லும் வழிதான் ஜெயிக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தினசரி வேலைக்கு எடியஸ், மணிவிழா மாதிரி பெரிய வேலைக்கு ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொண்டால் போயிற்று. ஏவிஎம் ஸ்டுடியோவே 1940களில் எங்கள் தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் நடந்துவிட்டு அப்புறம்தான் சென்னைக்குப் போனது, நம்மால் நான்கு வரி ஸ்கிரிப்ட் எழுத முடியாதா?

முகப்பு (காரைக்குடி):

இரண்டு நிமிடத் துண்டை வைத்துச் சோதித்தேன். சீப்பு சுத்தமாகப் போய்விட்டது. நிறமும் சரியாகிவிட்டது, அரக்கு அரக்காகவே இருக்கிறது. படம் முன்பைவிட நல்ல கூர்மை.

ஆனால் மினுமினுப்பு குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. வீட்டு முகப்பிலிருந்து வளவுக்குள் (நடுமுற்றத்துக்குள்) கேமரா நுழையும் ஷாட்டில் தரைக் கல்லின் பூ வேலை முழுக்கக் கொதிக்கிறது. வளவின் நான்கு பக்கமும் இறங்கும் ஓடுகளும் அப்படியே.

அயலகத் தம்பி (கோலாலம்பூர்):

எதிர்பார்த்ததுதான். சுருக்கும் கருவி நன்றாக இருக்க இருக்க நுணுக்கம் கூடும், நுணுக்கம் கூடினால் இன்டர்லேஸில் மினுமினுக்கும். ஆச்சி சொன்ன புள்ளிக் கதையேதான். ஓட்டு வரிசையின் ஒவ்வொரு விளிம்பும் ஒரே ஒரு வரி தடிமனுக்கு வந்துவிட்டால் அது ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.

இதற்கு மேலும் கீழுமாக மட்டும் கொஞ்சம் மங்கல் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் தொட வேண்டாம். சுருக்கிய பிறகு, இன்டர்லேஸ் ஆக்குவதற்கு முன்பு செய்ய வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் இன்டர்லேஸ் ஃபில்டர் இதைத் தானாகவே செய்துவிடும், நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்தும். அவிசிந்த்தில் நாமே ஒரு செங்குத்து பிளர் சேர்க்க வேண்டும்.

ரஸ்தா (தேவகோட்டை):

இங்கே ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. படம் முழுவதற்கும் அந்த மங்கலைக் கொடுக்காதீர்கள். முகம் வரும் ஷாட்டில் மினுமினுக்க என்ன இருக்கிறது? அங்கே கூர்மை இருக்கட்டும். ஓடு, தரை, படிக்கட்டு, ஜன்னல் கம்பி, நிலைக்கதவின் செதுக்கல் என்று வரும் ஷாட்களை மட்டும் பொறுக்கி டைம்லைனில் ஆன்டி ஃபிளிக்கர் போடுங்கள்.

அயலகத் தம்பி (கோலாலம்பூர்):

அண்ணே, நகரத்தார் வீட்டில் எந்த ஷாட்டில் ஓடும் தூணும் தரையும் இல்லை? முகத்துக்குப் பின்னாலேயே நிலைக்கதவு நிற்கும். நான் மொத்தப் படத்துக்கும் லேசாகப் போட்டுவிடுவேன். தாத்தா பாட்டி எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள், அந்தக் கொஞ்சக் கூர்மை போனது அவர்களுக்குத் தெரியாது. தரை கொதித்தால் பக்கத்து வீட்டுக்கே தெரியும்.

பள்ளத்தூர் ஆச்சி:

இருவர் சொல்வதும் நடக்கும். முகப்பு, இரண்டு விதமாகவும் ஐந்து நிமிடம் எரித்து அந்த வீட்டு டிவியிலேயே போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் மானிட்டரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது இன்டர்லேஸைக் காட்டும் விதமே வேறு.

பிட்ரேட் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. 110 நிமிடத்தை ஒரே டிஸ்க்கில் திணிக்கப் போகிறீர்களா?

முகப்பு (காரைக்குடி):

ஆமாம் ஆச்சி, ஒரே டிஸ்க்காகக் கேட்கிறார்கள். சோதனைத் துண்டை 9இல் போட்டேன். முழுப்படம் எவ்வளவில் வரும் என்று கணக்குப் போடவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

560ஐ நிமிடக் கணக்கால் வகுங்கள், 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய எத்தனை எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று வந்துவிடும். 110 நிமிடத்துக்கு 5.1. 60 நிமிடத்துக்கு 9.3 என்று வரும், ஆனால் அவ்வளவு போகாதீர்கள். விதிப்படி படத்துக்கு மட்டும் உச்சம் 9.8 என்றாலும், எரித்த டிஸ்க்கில் 8ஐத் தாண்டினால் பழைய பிளேயர்கள் திக்குகின்றன.

5.1 மோசம் இல்லை, டூ பாஸ் விபிஆரில் (இடத்துக்குத் தக்க பிட்ரேட்டை மாற்றி, இரண்டு சுற்றாக) ஓட்டினால் பார்க்கும்படி இருக்கும். உச்சம் 8, சராசரி 5. மாங்கல்யம் பூட்டும் நேரம் வருகிறது பாருங்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் அட்சதை போடுவார்கள், போட்டோகிராபர்கள் ஃபிளாஷ் அடிப்பார்கள், கெட்டிமேளம் வேறு. ஒவ்வொரு ஃபிரேமும் முந்தின ஃபிரேமோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். எம்பெக்-2 முந்தின படத்திலிருந்து எது மாறியது என்று மட்டும் எழுதிப் பிழைக்கிற முறை, இங்கே எல்லாமே மாறிவிடுகிறது. குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகும் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். டூ பாஸில் முதல் சுற்று எந்த இடம் கனமானது என்று பார்த்து வைத்துக்கொள்ளும், ஹோமத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களில் மிச்சம் பிடித்து இங்கே கொடுக்கும்.

ஆனால் நான் செய்தால் இரண்டு டிஸ்க்காகப் போடுவேன். காலைச் சடங்கு ஒன்று, ஆசீர்வாதமும் சாப்பாடும் உறவினர் பேச்சும் இன்னொன்று. ஆளுக்கு 55 நிமிடம், இரண்டையும் 8இல் அடித்துவிடலாம், விபிஆரே வேண்டாம். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறதே என்பார்கள். விலையும் அதிகம், பழைய பிளேயர் பாதி அதை ஏற்காது.

ஒலியை அழுத்தாமல் பிசிஎம்மில் வைத்திருந்தால் அதுவே ஒன்றரை எம்பிபிஎஸ் சாப்பிடும். அழுத்திய ஒலியான ஏசி-3க்கு மாற்றி 256 கேபிபிஎஸ் வையுங்கள். நாயனமும் தவிலும் இருப்பதால் 192க்கு இறங்க எனக்கு மனசு வராது. அந்த என்கோடரில் டயலாக் நார்மலைசேஷன் என்று ஒன்று இருக்கும், அதை மைனஸ் 31இல் வைத்து, கம்ப்ரெஷனை "நன்" (None) என்று வையுங்கள். இல்லாவிட்டால் மேளச் சத்தம் தானாகக் குறைந்து ஒலிக்கும், ஏன் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரஸ்தா (தேவகோட்டை):

இரண்டு டிஸ்க் யோசனைக்கு என் ஓட்டு.

இருட்டு ஷாட் பற்றியும் ஒரு வார்த்தை. உள் அறைகளில் வெளிச்சம் குறைவு என்று கெயினை ஏற்றி எடுத்திருப்பீர்கள், புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் ஓடும். என்கோடருக்கு நாய்ஸும் அசைவுதான், அதற்கும் பிட்டைச் செலவழிக்கும். ஐந்து புள்ளியை ஒன்றாகச் சுருக்கும்போதே பாதி நாய்ஸ் தானாக அடங்கிவிடும். மிச்சத்துக்கு லேசாக டீநாய்ஸ் போதும். அதிகம் போட்டால் முகமெல்லாம் மெழுகுப் பொம்மை.

அப்புறம் அந்த மஞ்சள் பின். நீங்கள் என்ன செய்தாலும் கடைசியில் அந்த ஒற்றை ஒயர் வழியாகத்தான் போகிறது, ஒளியும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகும். பிளேயரில் பச்சை, நீலம், சிவப்பு மூன்று துளை இருந்தால் காம்போனென்ட் ஒயர் வாங்கிப் போடுங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரரிடம் டிஸ்க் கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

முகப்பு (காரைக்குடி):

வீட்டில் பேசிவிட்டேன், இரண்டு டிஸ்க்குக்குச் சம்மதம். நேற்று சோதனை டிஸ்க்கை எடுத்துப்போய்ப் போட்டோம். மினுமினுப்புக்கு லேசான மங்கலை மொத்தப் படத்துக்கும் போட்டதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. மன்னிக்கணும் ரஸ்தா அண்ணே. கழுத்திரு தெரிகிறது. எச்டி அளவுக்கு இல்லை, ஆனால் திட்டாக இல்லை.

புதிதாக ஒரு சந்தேகம். மாடியில் இருக்கும் பழைய டியூப் டிவியில் எல்லோரும் நெடுநெடுவென்று ஒல்லியாகத் தெரிகிறார்கள். கீழே எல்இடியில் சரியாக இருக்கிறது. எல்இடியில் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு வேறு.

அயலகத் தம்பி (கோலாலம்பூர்):

டிஸ்க்கில் தப்பில்லை. 16:9 படம் 720×576க்குள் நெருக்கித்தான் இருக்கும், டிவிதான் விரித்துக் காட்ட வேண்டும். மாடிப் பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகை 16:9 என்று இருக்கும், அதை 4:3 லெட்டர் பாக்ஸ் என்று மாற்றினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து ஆட்கள் சரியாகிவிடுவார்கள். ஓரக் கோடு பிழை அல்ல. கண்டிப்பான கணக்கில் 16:9 படம் 720 புள்ளியில் ஏறக்குறைய 703ஐத்தான் நிரப்பும், மிச்சம் இரண்டு பக்கமும் எட்டு எட்டாகக் கறுப்பு. டியூப் டிவியில் அது மறைந்துவிடும்.

முகப்பு (காரைக்குடி):

சரியாகிவிட்டது தம்பி. கடைசியாக ஒன்று. பங்காளி வீட்டுப் பெண் அமெரிக்காவில் இருக்கிறாராம், அவருக்கும் இரண்டு செட் கேட்கிறார்கள். அங்கே என்டிஎஸ்சி அல்லவா?

அயலகத் தம்பி (கோலாலம்பூர்):

மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பால்தான், அங்கே கவலை இல்லை. அமெரிக்கப் பிளேயர்கள் பல பால் டிஸ்க்கைத் தொடாது. என்டிஎஸ்சி 720×480, விநாடிக்கு 29.97 ஃபிரேம். மாற்றுவதென்றால் பால் டிவிடியிலிருந்து மாற்றாதீர்கள், எச்டி மாஸ்டரிலிருந்து மாற்றுங்கள். அப்போதும் 50ஐ 60 ஆக்கும்போது நகரும் ஷாட்டில் உதறல் இருக்கும். சிலர் 25ஐ 23.976 ஆக மெதுவாக்கிச் செய்வார்கள், உதறல் இருக்காது. ஆனால் நான்கு சதவீதம் இழுபட்டு நாயனத்தின் சுருதி முக்கால் வாசி அரைச்சுரம் இறங்கிவிடும். சங்கீதம் தெரிந்த வீடாக இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ரெண்டாங்கட்டு (திருப்பத்தூர்):

அவருக்காவது எம்பி4 அனுப்புங்கள் ஐயா!

பள்ளத்தூர் ஆச்சி:

இதில் தம்பி சொல்வதுதான் சரி. அமெரிக்காவுக்கு ஃபைல் போதும், இணையத்திலேயே ஏற்றி அனுப்பிவிடலாம்.

முகப்பு, 40 செட் எரிக்கும்போது 4 அல்லது 8 வேகத்தில் எரியுங்கள், 16 வேண்டாம். டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) வாங்குங்கள், பழைய பிளேயர்களுக்கு அதுதான் ஒத்துப்போகிறது. எரித்து முடிந்ததும் வெரிஃபை போடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நம் வெயிலுக்குப் பசை இளகி ஓரம் தூக்கிக்கொண்டால் டிஸ்க் பிளேயருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிரிண்டரில் நேராக அச்சடிக்கிற வெள்ளை மேல்பரப்பு டிஸ்க் மதுரையில் கிடைக்கிறது.

முகப்பு (காரைக்குடி):

ஸ்டிக்கர் ஏற்கெனவே அச்சடித்து வந்துவிட்டது ஆச்சி. உறையின் மேல் ஒட்டிவிடுகிறேன்.